துரையின் இடது பின்னங்கால்

ஜூன் 9, திங்கள்

இதை நான் ஆதாரத்துக்காக எழுதுகிறேன். நாளைக்கு யாராவது நான் வரவில்லை, செய்யவில்லை என்று சொன்னால் எடுத்துக் காட்டுவதற்கு. வக்கீல் சபாபதிதான் தினமும் எழுதி வைக்கச் சொன்னார்.

விவரம்: மே 24 சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு, என் வீட்டு வாசலிலிருந்து காரைப் பின்னால் எடுத்தபோது, பக்கத்து வீட்டு லீலாவதியின் நாய் குறுக்கே ஓடி வந்து சக்கரத்தில் அடிபட்டது. கயிற்றைப் பிடித்திருந்த லீலாவதி இழுபட்டு விழுந்ததில் அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. நாய்க்கு இடது பின்னங்கால் இடுப்பு மூட்டில் நொறுங்கிவிட்டது. பொள்ளாச்சியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. காவல் நிலையத்தில் இரண்டு தரப்பும் பேசி எழுதிக் கொடுத்தது இதுதான்: வைத்தியச் செலவு என்னுடையது. அந்தம்மா கை கட்டில் இருப்பதால், நாயின் காலுக்கு டாக்டர் சொல்லும் பயிற்சிகளை நாற்பத்திரண்டு நாள், காலை ஆறரைக்கு அரை மணி, மாலை ஐந்தரைக்கு அரை மணி நான் செய்ய வேண்டும். தவறினால் புகார் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும்.

சம்பவத்தின்போது என் மனைவி காந்திமதி சமையலறையில் இருந்தாள். வேறு சாட்சி இல்லை.

இன்று முதல் நாள். காலை 6.28க்கு ஆஜர். லீலாவதி போர்டிகோவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றே ஒன்று. உடுமலையில் தபால் நிலையத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர்; சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். நாயின் பெயர் துரை. சந்தைப்பேட்டையில் கிடைத்த ஒரு கலப்பு நாய்க்குத் துரை என்று பெயர் வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் உறுமியது. வாயைத் துணிப்பட்டியால் கட்டச் சொன்னேன். ஒரு கையால் முடியாது, நீங்களே கட்டுங்கள் என்றார். கட்டினேன்.

படுக்க வைத்து, காலை மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். பதினைந்து முறை. பிறகு வெந்நீர்த் துணி ஒத்தடம். முடித்துவிட்டு எழுந்தேன்.

“சர்வேயரே, இருபத்தேழு நிமிசந்தான் ஆச்சு” என்றார்.

மூன்று நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

காலை, மாலை ஆஜர். தண்ணீர்கூடக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

பொள்ளாச்சியில் அறுவை செய்த டாக்டர் ஜெரால்டு எதற்கு இவ்வளவு பாடு என்று விளக்கியதை எழுதி வைக்கிறேன். இடுப்பில் ஒரு கிண்ணமும் அதில் உருளும் பந்துமாக எலும்பு இருக்குமாம். அந்தப் பந்து நொறுங்கிவிட்டதால் அதை வெட்டி எடுத்துவிட்டார். “இனி அந்த இடத்துல எலும்பு தாங்காதுங்க. சதைதான் தாங்கணும். சதைய வளத்தீங்கன்னா நாலு கால்ல ஓடும். வளக்கலைன்னா மூணு கால் நாயி” என்றார். காலை ஊன்ற ஊன்றத்தான் சதை வரும். வலிக்கிறதே என்று நாய் தூக்கியே வைத்திருந்தால், உள்ளது போய்விடும்.

அது தூக்கியேதான் வைத்திருக்கிறது. மூன்று காலில் குதித்துக்கொண்டே போய்த் தண்ணீர் குடிக்கிறது. இதற்கு நான் என்ன செய்ய முடியும்? என் வேலை அரை மணி நேரம்.

ஜூன் 15, ஞாயிறு

தையல் டேப்பை எடுத்துப் போய்த் தொடையை அளந்தேன். வலது 37 செ.மீ. இடது 30. நாற்பது வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன், அளக்காமல் ஒரு வேலையை எப்படிச் செய்வது? அந்தம்மாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுற்றுச்சுவர் நான்கு அங்குலம் என் பக்கம் ஏறியிருக்கிறது என்று மூன்று வருடம் முன்பு நான் அளந்து சொன்னதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அதன் பிறகு நாய் வந்தது. வந்த நாளிலிருந்து அதற்கு ஊரில் வேறு இடமே கிடைக்காத மாதிரி என் கேட்டுத் தூணும் என் கார்ச் சக்கரமும்தான். பினாயில் ஊற்றினேன், போர்டு எழுதி மாட்டினேன். அந்தம்மா போர்டைப் படித்துவிட்டு, நாய்க்கு எழுத்துத் தெரியாது என்றார்.

இன்று அளந்த அளவைச் சொன்னதும், “ஏழு சென்டிமீட்டரா? இதுல எத்தன உங்க பக்கம் வருது?” என்று கேட்டார்.

இது தேவையில்லாத பேச்சு. பதிவு செய்கிறேன்.

ஜூன் 18, புதன்

ஆஜர். மழை.

ஜூன் 20, வெள்ளி

டாக்டர் போனில் புதுப் பயிற்சி சொன்னார். உட்கார வைத்து எழுப்ப வேண்டும். எழும்போதுதான் பின்தொடை வேலை செய்யும். வெறுங்கையோடு போனால் அது எழாது என்பதால், கறிக்கடையில் கோழி ஈரல் வாங்கி வேக வைத்துக் கொண்டுபோனேன். காந்திமதி சைவம், தன் அடுப்பில் விடமாட்டாள். பின்கட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் நானே வேக வைத்தேன். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

டைல்ஸ் தரையில் கால் வழுக்குகிறது. பழைய கோணிச் சாக்கை விரித்தேன். ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தது. வாய்ப்பட்டியை அவிழ்த்தால்தானே ஈரல் தின்னும்? அவிழ்த்தேன். கடிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இடது 30.5.

இந்த நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது காந்திமதி முதல் பக்கத்தைத் திறந்து வைத்து நின்றிருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே என்றாள். போலீசிடம் நீயே அப்படித்தானே சொன்னாய் என்றேன்.

“நான் உங்களுக்காகச் சொன்னனுங். நீங்க யாருக்காக எழுதறீங்?”

பிறகு ஈரத்துணி வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். எங்கள் மொட்டை மாடியில் கொடி கட்டியிருக்கிறோம். காலை ஏழு மணிக்குத் துணி காயப் போடுவது அவள் வழக்கம். அங்கிருந்து வாசல் தெரியும். இதை நான் விவரத்துக்காக மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

பிளாஸ்டிக் குழாய் ஆறு துண்டு வெட்டி, ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தரையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றையும் தாண்ட வேண்டுமானால் பின்னங்காலைத் தூக்கி மடக்கி ஊன்றித்தான் ஆக வேண்டும். அவசரமாகக் குதித்துத் தாண்டினால் மூன்று காலிலேயே போய்விடும்; கயிற்றைக் குறுக்கிப் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக நடத்த வேண்டும். முதல் இரண்டு தடவை குதித்தது. மூன்றாவது தடவை நான்காவது குழாயில் இடது கால் விரல் நுனி தரையில் பட்டது. பட்டது என்று அந்தம்மாவிடம் சொன்னேன். பார்த்தேன் என்றார். இரண்டு பேரும் அதோடு நிறுத்திக்கொண்டோம்.

பத்து நிமிடம் அதிகமாகிவிட்டது. அதை அவர் குறிப்பிடவில்லை.

ஜூன் 26, வியாழன்

இன்று நிற்க வைத்து, வலது பின்னங்காலை நான் கையில் தூக்கிப் பிடித்தேன். அப்போது உடம்பு பாரம் இடது காலில்தான் இறங்கும். ஐந்து எண்ணுவதற்குள் இடது தொடை வெடவெடவென்று நடுங்கியது. நாய் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. உறுமவில்லை. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்பது போல இருந்தது. விட்டுவிட்டேன்.

“விட்டா வளருமா?” என்றார் லீலாவதி. மறுபடி பிடித்தேன். ஏழு எண்ணினேன்.

கயிறு மூன்றடிதான் இருக்கிறது, கவனித்தீர்களா என்று இன்று அவர் கேட்டார். கவனித்தேன் என்றேன். மூன்றடிக் கயிற்றில் இருக்கிற நாய் எப்படிங்க குறுக்கே ஓடி வரும் என்றார். அதைப் பற்றிக் காவல் நிலையத்தில் பேசி முடித்தாகிவிட்டது என்றேன்.

ஜூன் 28, சனி

காலை 7.05. பயிற்சி முடிந்து நாயைத் தோட்டத்தில் விட்டேன். அடிபட்ட நாளிலிருந்து அது பெட்டை நாய் போலக் குந்தித்தான் சிறுநீர் கழித்து வந்தது. இன்று கொய்யா மரத்தடிக்குப் போனது. முகர்ந்தது. வலது பின்னங்காலைத் தூக்கியது. முழு பாரத்தையும் அந்த இடது காலில் வைத்து, நடுங்கிக்கொண்டே நின்று, மரத்தில் பெய்தது. நான் எண்ணினேன். பதினொன்று வரை நின்றது.

அந்தம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா தெரியவில்லை. என் கண்ணிலும் ஏதோ ஆகிவிட்டது. அவர் பார்ப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கும் அது இப்படித்தான் நின்றது. என் காரின் பின் சக்கரத்தில், வலது காலைத் தூக்கி. ஓடி வரவில்லை. நான் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். முதல் நாள்தான் காரைக் கழுவியிருந்தேன். இன்றைக்கு ஒரு பயம் காட்டினால் இந்தப் பக்கமே வராது என்று நினைத்தேன். ரிவர்ஸில் போட்டிருந்த காரைச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டி எடுத்தேன். ஓரடிதான். ஓரடி என்று நினைத்தேன்.

சபாபதி இதைப் பார்த்தால் பக்கத்தைக் கிழிக்கச் சொல்வார்.

ஜூன் 29, ஞாயிறு

காலைப் பயிற்சி முடிந்ததும் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டுதான் சொன்னேன்.

“அன்னைக்கு அது குறுக்க வரலீங்க. நின்னுட்டுத்தான் இருந்துச்சு. நான் கண்ணாடியில பாத்தேன்.”

அவர் மடியிலிருந்த கடிகாரத்தைக் கீழே வைத்தார்.

“பாத்துட்டா எடுத்தீங்க?”

“பயமுறுத்தலாம்னு எடுத்தேன். அவ்வளவு தூரம் போகும்னு நெனைக்கல.”

“நாப்பது வருசம் நெலம் அளந்தவருக்குத் தூரம் தெரியலீங்களா?”

துரை என் சட்டைப் பையை முகர்ந்து ஈரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கழுத்துப்பட்டியில் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கயித்தப் புடிச்சுட்டு நான் நின்னது தெரிஞ்சுதுங்களா?”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

“கேட்டச் சாத்திட்டுப் போங்க. இனி வர வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போறதா என்னன்னு நான் யோசிச்சுக்கறேன்” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

மாலை ஐந்தரைக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

யாரும் வரவில்லை. போலீசும் வரவில்லை. காந்திமதியிடம் நடந்ததைச் சொன்னேன். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்து போகவில்லை. அவ்வளவுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அந்தம்மா எண்ணுகிற சத்தம் கேட்கிறது. இடது கையால் என்ன செய்ய முடியும்? மூன்று வரை எண்ணுகிறார், நிற்கிறது. மறுபடி ஒன்றிலிருந்து.

ஜூலை 3, வியாழன்

நானே போய்க் கேட்கக் கூடாது என்று காந்திமதி சொல்லிவிட்டாள். அவளே போனாள். ஈரல் டப்பாவைத் தன் கையாலேயே எடுத்துப் போனாள். முக்கால் மணி கழித்து வந்தாள். படுக்க வைக்கத் தெரியவில்லையாம். நாய் நழுவிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டதாம். லீலாவதி நேற்றுக் குழாய் வரிசையில் அதை நடத்தப் போய்ச் சறுக்கி, கட்டுப் போட்ட கையையே ஊன்றிவிட்டாராம். வீங்கியிருக்கிறது.

“காலு?” என்று கேட்டேன்.

“தூக்கிட்டுத்தான் நடக்குது. மறுக்கா மூணு காலு.”

இருபது நாளில் வந்தது ஐந்து நாளில் போகுமா? டாக்டருக்குப் போன் செய்தேன். போகும் என்றார். அதுவும் இந்தக் கட்டத்தில் விட்டால், வலி மறக்காமல், காலைத் தூக்கி நடப்பதே பழக்கமாகிவிடும் என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் அந்தக் கால் இந்நேரம் 32 ஆகியிருக்கும். இதை யாரிடம் சொல்வது?

ஜூலை 4, வெள்ளி

மாலை நான்கு மணிக்கு லீலாவதி என் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டாள் காந்திமதி. வரவில்லை. அங்கே நின்றே பேசினார்.

“நாளைக்குக் காலைல வாங்க. மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. அதெல்லாம் இல்ல. அதுக்குக் காலு வேணும், எனக்குக் கையில்ல. அவ்வளவுதான்.”

சரி என்றேன்.

“எங்கிட்ட எதும் பேச வேண்டாம். விட்டுப்போன அஞ்சு நாளையும் சேத்துச் செய்யோணும். இருபத்தஞ்சாந்தேதி முடியுது.”

கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 5, சனி

இடது 30. வலது 37. முதன்முதலில் அளந்தபோது இருந்த அளவு.

போர்டிகோவில் நாற்காலி இல்லை. அவர் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார். கம்பிக்குப் பின்னால் கடிகாரம் மட்டும் தெரிந்தது. நான் போனதும் துரை வாலை ஆட்டிக்கொண்டு வந்து, தானாகவே கோணிச் சாக்கில் இடதுபுறம் மேலே இருக்கும்படி படுத்துக்கொண்டது. அதன் காலைப் பிடித்து, முதல் நாள் போலப் பதினைந்து முறை மடக்கி நீட்டினேன்.

அது என்னைக் கடித்திருந்தால் தேவலாம்.

ஜூலை 9, புதன்

உட்கார்ந்து எழுவது: காலை 12, மாலை 12. குழாய் வரிசை: நான்கு சுற்று. எந்தக் குழாயிலும் குதிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

31.5. டாக்டர் மேட்டில் ஏற்றச் சொன்னார். சரிவில் ஏறும்போது முன்னங்காலில் உள்ள பாரம் பின்னங்காலுக்கு வரும். தெருக்கோடியில் வாய்க்கால் கரை இருக்கிறது. அதற்கு நாயை வெளியே கொண்டுபோக வேண்டும். என்னோடு தனியாக அனுப்ப அந்தம்மாவுக்கு மனமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பத்தடி தள்ளி.

வழியில் என் கார் நின்றிருந்தது. துரை அதைக் கண்டதும் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டது. ஈரல் காட்டினேன். எழவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. பின்னாலிருந்து அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் நான் அதைத் தூக்கிக்கொண்டு காரைத் தாண்டினேன். இருபத்திரண்டு கிலோ.

மாலையில் காரை அடுத்த தெருச் செட்டியார் வீட்டு ஷெட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி வரை அங்கேயே நிற்கட்டும் என்று முதலில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு, செட்டியார் மருமகன் வாங்குவதற்குக் கார் தேடுகிறாராமே என்று காந்திமதி கேட்டாள். கேட்டுப் பாரு என்றேன்.

ஜூலை 16, புதன்

கரையில் காலை ஆறு தடவை, மாலை ஆறு தடவை ஏற்றம். இறங்கும்போது குறுக்காக இறக்குகிறேன். என் முழங்கால் வீங்கிவிட்டது. சொல்லிக்கொள்ள ஆளில்லை.

ஜூலை 19, சனி

பொள்ளாச்சிக்கு வாடகைக் காரில் போனோம். காந்திமதி முன் சீட்டில். பின் சீட்டில் நான், நடுவில் துரை, அந்தப் பக்கம் லீலாவதி. நாற்பது நிமிடப் பயணத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம். துரை தலையை என் தொடையிலும் பின்பக்கத்தை அவர் மடியிலும் வைத்துத் தூங்கியது.

இடது 33. அந்தம்மாவின் கைக்கட்டையும் நேற்றே பிரித்துவிட்டார்கள். நல்ல சதை, யார் செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“ஆளு வெச்சுச் செஞ்சோம்” என்றார் லீலாவதி.

ஜூலை 25, வெள்ளி

கடைசி நாள். இடது 34. முழுதாக 37 வராவிட்டாலும் பரவாயில்லை, தினமும் கரையில் நடந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடத்துவதற்கு இனி அவருக்குக் கை இருக்கிறது.

மாலைப் பயிற்சி முடிந்து கரையிலிருந்து இறங்கி வந்தோம். தன் கேட்டுக்கு முன்னால் நின்று, இருபது நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

“ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். நாப்பத்திரண்டு நாளும் வந்தாருன்னு எழுதியிருக்கறேன். நீங்க சொன்னத எழுதல.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையை நீட்டித் தடுத்தார். கட்டுப் பிரித்த கை. சூம்பி, வெளுத்து இருந்தது.

“உங்களுக்காக இல்ல. கேசுன்னு போனா இன்னும் அஞ்சாறு வருசம் உங்க மூஞ்சிய நான் கோர்ட்டுல பாக்கோணும். எனக்கு அது வேண்டாம். கயித்தக் குடுங்க.”

கொடுத்தேன். துரையை உள்ளே கூட்டிப்போய்க் கயிற்றை அவிழ்த்தார். நான் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், பால் வாங்கி வரலாம் என்று தெருக்கோடிப் பக்கம் நடந்தேன். ஐம்பதடி போயிருப்பேன். பின்னால் நகம் உரசுகிற சத்தம். கேட் சாத்துவதற்குள் நழுவி, துரை என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. இன்னும் கரைக்குப் போகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவர் கேட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது நின்று திரும்பிப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. என் பக்கம்தான் வந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்க முடியவில்லை. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அப்படி யாரையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“அனுப்பி வையுங்க அதைய” என்றார் என்னிடம்.

போ துரை என்றேன். வாலை ஆட்டியது. வீட்டுக்குப் போ என்று கையைக் காட்டினேன். அந்தக் கையை முகர்ந்து பார்த்தது. தள்ளினேன். விளையாட்டு என்று நினைத்து, தானாகவே உட்கார்ந்து எழுந்து காட்டியது.

குனிந்து மண்ணைத் தொட்டு, கல் எடுத்தது போலக் கையை ஓங்கினேன். காலை ஓங்கித் தரையில் மிதித்து, எனக்கே பிடிக்காத ஒரு குரலில் கத்தினேன்.

துரையின் காது படுத்துவிட்டது. ஒரு கணம் நம்பாமல் பார்த்தது. பிறகு திரும்பி ஓடியது. இந்த இரண்டு மாதத்தில் அது ஓடி நான் பார்த்ததில்லை. முன்னங்கால் இரண்டும் சேர்ந்து விழ, பின்னங்கால் இரண்டும் சேர்ந்து உந்த, இடது வலது வித்தியாசமே தெரியாமல், ஐம்பதடியையும் ஒரே மூச்சில் ஓடிக் கடந்து அவர் காலுக்கிடையில் போய் நுழைந்துகொண்டது.

பயத்தில் ஓடியதுதான். ஆனால் நாலு காலில் ஓடியது.

அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

நான் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் பால் வாங்கப் போனேன்.